அத்தியாயம் 5: தீவக ஓட்டக்காரருக்கு ஏற்ற மலிவான ஜி.பி.எஸ். மணிக்கூடு

5.1 நிலமே முதல் அளவுகோல்

ஓட்டப் பயிற்சிக்கான ஜி.பி.எஸ். மணிக்கூட்டை வாங்க முற்படுபவர், எந்தப் பெயர் அதிகம் விற்கிறது என்று விசாரிப்பதற்கு முன், அந்த மணிக்கூடு எந்த நிலத்தில், எந்தக் காற்றில், எந்த வெயிலில் பயன்படப்போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மணிக்கூட்டின் விலையை ஏற்றும் வசதிகளில் பெரும்பாலானவை உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிநிற்கும் நகரங்களையும் மலைப்பாதைகளையும் மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டவை. வேறு நிலத்தில் ஓடுபவர் அவற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுத்துவிடுகிறார்.

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத்தீவின் சரவணையை எடுத்துக்கொண்டால், அவ்வூரும் அயலிலுள்ள வேலணை, நாரந்தனை, புளியங்கூடல், சுருவில் ஆகிய ஊர்களும் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே கொண்ட தட்டையான நிலத்தில் அமைந்திருக்கின்றன. வயல்வெளிகளும் தரவைகளும் இடையிடையே பனங்கூடல்களும் கொண்ட இந்நிலத்தில், செய்மதியை மறைக்கும் மாடிக் கட்டடமோ குன்றோ இல்லை. யாழ்ப்பாண நகரைத் தீவகத்துடன் இணைக்கும் பண்ணை வீதியிலும், வேலணையைப் புங்குடுதீவுடன் இணைக்கும் வாணர் பாலத்திலும் இரு பக்கமும் கடல்நீர்தான். ஆகவே இங்கு ஓடுபவர் இடத்தைத் துல்லியமாக அறிவதற்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டிய தேவை குறைவு. அப்பணம் நீண்டநேரம் நின்றுபிடிக்கும் மின்கலம், வெயிலில் வாசிக்கக்கூடிய திரை, வியர்வைக் கையாலும் அழுத்தக்கூடிய பொத்தான், பழுதானால் திருத்தவோ மாற்றவோ உள்ள வழி ஆகியவற்றுக்கே செல்ல வேண்டும் என்பது இவ்வத்தியாயம் முன்வைக்கும் நிலைப்பாடு.

5.2 மணிக்கூடு தூரத்தை அளக்கும் முறை

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா இயக்கிவரும் செய்மதி இடங்காட்டி முறைமை. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றும் அதன் செய்மதிகள் தாம் இருக்கும் இடத்தையும் சமிக்ஞை புறப்படும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்க, மணிக்கூட்டிலுள்ள வாங்கி அச்சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து ஒவ்வொரு செய்மதிக்குமான தூரத்தைக் கணிக்கிறது. இக்கணிப்பில் ஒரு மைக்ரோ செக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் தூரம் 300 மீற்றர் பிசகிவிடும். மணிக்கூட்டின் சாதாரணப் படிக அலையி இவ்வளவு நுட்பத்துக்குப் போதாது என்பதால், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகிய மூன்றுடன் நேரமும் நான்காவது அறியாக் கணியமாகச் சேர்க்கப்பட்டு, குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு நான்கும் ஒருங்கே தீர்க்கப்படுகின்றன.

2000 ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே தரங்குறைத்து வைத்திருந்தது. அது நீக்கப்பட்ட பின்னரே ஓட்டத்தை அளக்கத்தக்க துல்லியம் சாதாரண வாங்கிகளுக்குக் கிடைத்தது. 2003 இல் கார்மின் நிறுவனத்தின் முதல் 'ஃபோர்ரன்னர்' மணிக்கூடுகள் விற்பனைக்கு வந்தன. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய முறைமைகளின் செய்மதிகளையும் மலிவான மணிக்கூடுகள்கூடப் பயன்படுத்துகின்றன. திறந்த வானத்தின் கீழ் கைத்தொலைபேசி ஒன்றின் ஜி.பி.எஸ். பொதுவாக 4.9 மீற்றர் ஆரைக்குள் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தகவற்பக்கம் குறிப்பிடுகிறது; கைமணிக்கூட்டில் அன்ரெனா சிறிதாகவும் கை வீசப்படுவதாகவும் இருப்பதால், இதனைவிடச் சற்றுக் குறைந்த துல்லியத்தையே எதிர்பார்க்க வேண்டும்.

இடப்பிழையும் தூரப்பிழையும் ஒன்றல்ல. மணிக்கூடு ஏறக்குறைய ஒவ்வொரு செக்கனும் ஒரு புள்ளியைக் குறித்து, அப்புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களைக் கூட்டியே ஓடிய தூரத்தைச் சொல்கிறது. எல்லாப் புள்ளிகளும் வீதியிலிருந்து ஒரே பக்கமாக நான்கு மீற்றர் தள்ளி விழுந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. புள்ளிகள் இடமும் வலமுமாகத் தாவும்போதே தூரம் கூடிக்காட்டும். நேரான திறந்த வீதியில் நல்ல மணிக்கூடு ஒன்று காட்டும் பிழை நூற்றுக்கு ஒன்றளவில் இருக்குமாயின், கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஓடுபவருக்கு அது கிலோமீற்றருக்கு 3.6 செக்கன் வேறுபாடே ஆகும். பயிற்சித் தேவைக்கு இது பொறுக்கத்தக்கது.

5.3 ஒற்றை அலைவரிசையும் இரட்டை அலைவரிசையும்

விலையை உயர்த்தும் வசதிகளில் முதன்மையானது இரட்டை அலைவரிசை வாங்கி. வழமையான மணிக்கூடு 1575.42 மெகாஹேட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்க, இரட்டை அலைவரிசை மணிக்கூடு 1176.45 மெகாஹேட்ஸ் அலைவரிசையையும் சேர்த்துக் கேட்கிறது. உயர்ந்த சுவர்களில் பட்டுத் தெறித்துவரும் சமிக்ஞை நேராக வந்ததைவிடச் சற்றுத் தாமதமாக வந்து வாங்கியை ஏமாற்றுவது பல்பாதை வழு எனப்படும். இரண்டாவது அலைவரிசையின் சமிக்ஞை அமைப்பு அந்த வழுவைப் பிரித்தறிய உதவுகிறது. ரொறன்ரோவின் நகர மையத்திலோ இலண்டனின் வணிகப் பகுதியிலோ ஓடுபவருக்கு இதனால் கிடைக்கும் பயன் கண்கூடானது. சரவணையிலிருந்து ஊர்காவற்றுறை நோக்கி ஓடுபவருக்குத் தெறிக்கும் சுவரே இல்லை; பனங்கூடல் ஒன்றைக் கடக்கும் சிறுதூரத்தில் ஓரிரு புள்ளிகள் பிசகினாலும் மொத்தத் தூரத்தில் அது தெரிவதில்லை.

இதற்கு மறுபக்கமாக ஒரு விடயத்தைக் கருத்திற்கொள்ளலாம். புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகாகச் செல்கிறது. 1963 இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டைக் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவியதற்கும் அதுவே காரணம். யாழ்ப்பாணமும் அக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், மேல்வளிமண்டலத்தின் மின்னேறிய படையான அயனமண்டலம் இங்கு சூரியன் மறைந்தபின் சில மணிநேரம் குழப்பமடைவதுண்டு. மார்ச், செப்டெம்பர் மாதங்களை அண்டிய காலத்திலும் சூரியச் செயற்பாடு உச்சமடையும் ஆண்டுகளிலும் அது அதிகரிக்கும். இவ்வேளைகளில் இடப்பிழை கூடலாம். ஆயினும் அயனமண்டலப் பிழையின் பெரும்பகுதி மெதுவாக மாறுவதால், முன்னர் விளக்கியவாறு எல்லாப் புள்ளிகளும் ஒருபக்கமாக நகர்கின்றனவேயன்றித் தூரம் பெரிதாகக் கெடுவதில்லை. அதற்காக மட்டும் இரட்டை அலைவரிசைக்கு மேலதிகப் பணம் கொடுப்பது நியாயமாகாது. அவ்வசதி அதே விலைக்குள் கிடைக்குமாயின் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை.

5.4 உள்ளமைந்த ஜி.பி.எஸ்., கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ்.

மலிவுச் சந்தையில் வாங்குபவர் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. 'ஜி.பி.எஸ். ஆதரவு' என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தாலும், மணிக்கூட்டினுள் வாங்கி இருக்கிறதா, அல்லது சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியின் இடத்தகவலைப் புளூடூத் வழியாகக் கடன்வாங்குகிறதா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். உதாரணமாக, ஷாவோமி நிறுவனத்தின் ஸ்மார்ட் பேண்ட் 8 என்ற கைப்பட்டியில் வாங்கி இல்லை. அதே வரிசையின் 8 ப்ரோ என்ற வடிவத்தில் உண்டு. பெயரில் ஒரு சொல்லே வேறுபடுவதால், விளம்பரத்தை நம்பாது தொழில்நுட்ப விவரப் பட்டியலில் 'உள்ளமைந்த ஜி.பி.எஸ்.' என்ற பதிவைத் தேடுவதே பாதுகாப்பானது.

கைத்தொலைபேசியை எப்படியும் எடுத்துக்கொண்டே ஓடுபவருக்கு, இலவசச் செயலி ஒன்றே போதும் என்பதையும் நேர்மையான வழிகாட்டி நூல் சொல்லியாக வேண்டும். தொலைபேசியின் எடை, வியர்வையில் நனைதல், ஓடும்போது திரையைப் பார்க்க முடியாமை ஆகியன அதன் குறைகள். தொடக்கத்தில் சில மாதங்கள் அவற்றைப் பொறுத்துக்கொண்டு, ஓட்டம் வழக்கமாகிவிட்டதா என்பதை உறுதிசெய்தபின் மணிக்கூடு வாங்குபவரின் பணம் வீணாவதில்லை.

உள்ளமைந்த வாங்கி கொண்ட மணிக்கூட்டுக்கும் கைத்தொலைபேசியின் உதவி இடையிடையே தேவைப்படுகிறது. செய்மதி தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 செக்கனுக்கு ஒருமுறையும், எல்லாச் செய்மதிகளின் பொது அட்டவணையை முழுமையாக 12.5 நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்புகிறது. இவ்விவரங்களை முன்கூட்டியே இணையத்திலிருந்து மணிக்கூட்டுக்கு ஏற்றிவிட்டால், இடத்தைக் கண்டுபிடிக்க எடுக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து செக்கன்களாகக் குறையும். ஏற்றிய விவரம் சில நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ சென்று ஓட எண்ணுபவர், புறப்படும் முன் வீட்டிலேயே மணிக்கூட்டைத் தொலைபேசியுடன் ஒத்திசைத்துக்கொள்வது நல்லது.

5.5 மின்கலமும் மின்னேற்றும் வயரும்

விவரப் பட்டியலில் மின்கல ஆயுள் இரண்டு விதமாகக் கொடுக்கப்படும்: ஜி.பி.எஸ். இயங்கும்போது எத்தனை மணிநேரம், சாதாரண மணிக்கூடாக எத்தனை நாள். இவ்விரண்டையும் சேர்த்துக் கணித்தாலே உண்மை நிலை தெரியும். 2021 இல் வெளியான கார்மின் ஃபோர்ரன்னர் 55 மணிக்கூட்டுக்கு ஜி.பி.எஸ். உடன் 20 மணிநேரமும் சாதாரண பயன்பாட்டில் இரண்டு வாரமும் என்று நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு ஒரு மணிநேரம் ஓடுபவர், மணிக்கூடாக அணிவதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 வீதமும் ஓட்டத்துக்கு 5 வீதமுமாக 12 வீதத்தைச் செலவிடுவார். அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். மின்கலம் பழையதாகி அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபின்னும் ஆறு நாள் தாங்கும் என்பதால், இந்த அளவு அன்றாட ஓட்டக்காரருக்குப் போதுமானது. ஒரே நாளில் மின்னிறங்கும் பொதுவான ஸ்மார்ட் மணிக்கூடுகள் இக்கணக்கில் பின்தங்குகின்றன.

மின்கல ஆயுளை மிகைப்படுத்திக் காட்ட, சில மணிக்கூடுகள் செக்கனுக்கு ஒருமுறை இடத்தைக் குறிப்பதை விட்டு நீண்ட இடைவெளியில் குறிக்கும் சிக்கன முறையின் எண்ணையே பெரிதாக விளம்பரப்படுத்துகின்றன. இதன் விளைவைப் பாடசாலை மைதானம் ஒன்றில் எளிதிற் காணலாம். கிலோமீற்றருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடுபவர் செக்கனுக்கு 2.78 மீற்றர் நகர்கிறார். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காகச் சுண்ணாம்புக் கோடிட்ட 200 மீற்றர் ஓடுபாதையை அவர் சுற்றிவர 72 செக்கன் ஆகும். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இடத்தைக் குறிக்கும் முறையில், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் அவர் மைதானத்தை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிவிட்டிருப்பார். மணிக்கூடோ தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான சிறு நேர்கோட்டையே ஓட்டமாகப் பதியும். ஆகவே ஒப்பிடும்போது செக்கனுக்கு ஒரு புள்ளி என்ற முழுப் பதிவு முறையின் மணிநேரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான ஓட்ட மணிக்கூடுகளின் மின்னேற்றும் வயர் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. தொலைபேசிக்கான வயர் பொருந்தாது. தீவகத்தில் இது சிறிய விடயமன்று, ஏனெனில் தொலைந்த வயருக்கு மாற்று அயலூர்க் கடையில் கிடைப்பது அரிது. ஒரே வயர் பல மாதிரிகளுக்குப் பொருந்தும் நிறுவனத்தைத் தேர்வதும், வாங்கும்போதே மேலதிக வயர் ஒன்றைச் சேர்த்து வாங்குவதும் பின்னர் ஏற்படும் அலைச்சலைத் தவிர்க்கும்.

5.6 வெயில், வியர்வை, உப்பு

மணிக்கூட்டுத் திரைகள் இரு வகைப்படும். வெளிவெளிச்சத்தைத் தெறிக்கவைத்து எழுத்தைக் காட்டும் தெறிப்புத் திரை, வெயில் ஏற ஏறத் தெளிவாகும்; மின்னையும் குறைவாக உண்ணும்; ஆனால் நிறங்கள் மங்கலாக இருக்கும். தானே ஒளிவிடும் அமோலெட் திரை கண்ணைக் கவரும். உச்சிவெயிலில் அதை வாசிக்க ஒளிர்வு மிக அதிகமாக இருக்க வேண்டும், அதற்கு மின்னும் அதிகம் செலவாகும். நிழல் குறைந்த தீவக வீதிகளில் காலை எட்டு மணிக்குப் பின்னும் ஓட்டத்தைத் தொடர்பவருக்குத் தெறிப்புத் திரையே பொருத்தமானது. ஃபோர்ரன்னர் 55, கோரோஸ் பேஸ் 3 ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. ஃபோர்ரன்னர் 165 அமோலெட் திரை கொண்டது.

தொடுதிரையை மட்டும் நம்பும் மணிக்கூடு வியர்வை வழியும் விரலுக்குச் சரியாகப் பதிலளிக்காது. மாரி மழையில் துளிகளே திரையைத் தொட்டு ஓட்டத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. ஓட்டத்தைத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் சுற்றைக் குறிப்பதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருப்பது, கண்ணால் பார்க்காமலே கையால் இயக்க உதவும்.

நீர்த்தாங்கு திறன் '5 ஏ.ரி.எம்.' என்று குறிப்பிடப்பட்டால், 50 மீற்றர் ஆழத்து நிலையான நீரழுத்தத்தை மணிக்கூடு தாங்கும் என்பதே பொருள். மழைக்கும் வியர்வைக்கும் சாட்டிக் கடற்கரையில் நீந்துவதற்கும் அது போதும். 'ஐ.பி. 68' என்று மட்டும் குறிக்கப்பட்டவை நன்னீரைக் கொண்டு சோதிக்கப்பட்டவை என்பதால், அவற்றுடன் கடலில் இறங்காதிருப்பது நல்லது. நீரைவிட உப்பே மணிக்கூட்டுக்கு அதிக தீங்கு செய்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலோர வீதியில் ஓடித் திரும்பும் மணிக்கூட்டின் பின்பக்க மின்னேற்று முனைகளில் உப்பும் வியர்வையும் படிந்து, அதன்மேல் மின்னேற்றும்போது அரிப்பு ஏற்படும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முழுதும் உலர்ந்தபின் மட்டுமே மின்னேற்றுவது மணிக்கூட்டின் ஆயுளை நீட்டும் மிகமலிவான வழியாகும்.

5.7 இதயத்துடிப்பு அளவீடு

மணிக்கூட்டின் அடிப்பக்கம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, குருதி ஓட்டத்துக்கேற்பத் திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணிக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது இது நம்பத்தக்கது. விரைவோட்டமும் மெல்லோட்டமும் மாறிமாறி வரும் பயிற்சியில் பின்தங்கிவிடும். பட்டி தளர்ந்திருந்தால் காலடி எண்ணிக்கையையே துடிப்பென்று காட்டுவதும் உண்டு. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரலளவு மேலே, அசையாதவாறு இறுக்கி அணிவதால் இப்பிழை பெருமளவு குறையும். துல்லியம் தேவைப்படுபவர் நெஞ்சுப் பட்டியைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், புளூடூத் வழியாக வெளி உணரியை ஏற்கும் மணிக்கூட்டைத் தேர்வது போதும்.

வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இந்நிலத்தில் துடிப்பு அளவீட்டுக்குத் தனிப் பயன் உண்டு. ஒரே வேகத்தில் ஓடினாலும் உடல் சூடேறச் சூடேறத் துடிப்பு கூடிக்கொண்டே போகும். சோளகம் வீசும் காலத்தில் வாணர் பாலத்தின் வழியாகப் புங்குடுதீவை நோக்கி ஓடுபவர் எதிர்க்காற்றிலும், திரும்பி வருபவர் பின்காற்றிலும் ஓடுவதால், மணிக்கூடு காட்டும் வேகம் உழைப்பின் அளவைச் சொல்லாது. அத்தகைய நாட்களில் வேகத்தை விட்டுத் துடிப்பை அடிப்படையாகக் கொண்டு ஓடுவதே அறிவுடைமை. ஆயினும் 220 இலிருந்து வயதைக் கழித்து மணிக்கூடு தானாகக் காட்டும் உச்சத் துடிப்பு ஆளுக்கு ஆள் பத்துக்கு மேல் வேறுபடக்கூடும் என்பதால், பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்ற உடலின் சான்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

5.8 பணம் கொடுக்கத் தேவையற்ற வசதிகள்

காற்றழுத்த உயரமானி மலையோட்டத்துக்கு இன்றியமையாதது. தீவகத்தில் அது அளப்பதற்கு ஏற்றமே இல்லை. செய்மதிகள் அனைத்தும் வாங்கிக்கு மேலேயே இருப்பதால், ஜி.பி.எஸ். தரும் உயரம் கிடைத்தளத் துல்லியத்தைவிட எப்போதும் குறைந்தது. அதனால் மலிவான மணிக்கூடு தட்டையான வீதியிலும் பல மீற்றர் ஏறியதாகக் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உள்ளூர் வீதிகளை அறிந்தவருக்கு நிற வரைபடமும் தேவையில்லை. பாட்டுச் சேமிப்பு, குரல் அழைப்பு, பணம் செலுத்தும் வசதி ஆகியன ஓட்டத்தின் தரத்தை உயர்த்துவதில்லை. குறுகிய கடலோர வீதிகளில் பின்னால் வரும் வாகனத்தின் சத்தம் கேட்பதே பாட்டைவிட முக்கியம்.

இதற்கு மாறாக, விளம்பரத்தில் இடம்பெறாத சில சிறு வசதிகள் அன்றாடம் பயன்படும்: ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அதிர்ந்து நேரத்தைச் சொல்லும் தன்னியக்கச் சுற்று, ஓட்டம் ஓய்வு என்று மாறிமாறி நேரத்தை எண்ணும் இடைவெளிப் பயிற்சி அமைப்பு, தரவைப் பிற செயலிகளுக்கு ஏற்றுமதி செய்யும் வசதி என்பன அவை. மாதச் சந்தா இல்லாமல் இவ்வடிப்படைகள் கிடைக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் வரும் குறுஞ்செய்திகள் சில மணிக்கூடுகளில் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும். அது தேவையெனக் கருதுபவர் வாங்குமுன் ஒரு தமிழ்ச் செய்தியை அனுப்பிப் பார்த்துவிடலாம்.

5.9 விலையும் வாங்கும் வழியும்

விலைகள் மாறிக்கொண்டே இருப்பவையாயினும், வெளியீட்டு விலைகள் ஒப்பீட்டுக்கு உதவும். அமேஸ்ஃபிட் பிப் 5 (2023) ஏறத்தாழ 90 அமெரிக்க டொலருக்கும், ஃபோர்ரன்னர் 55 (2021) 200 டொலருக்கும், கோரோஸ் பேஸ் 3 (2023) 229 டொலருக்கும், ஃபோர்ரன்னர் 165 (2024) 250 டொலருக்கும் அறிமுகமாயின. டொலர் ஒன்று 300 ரூபாய் என்று கொண்டால் இவை 27,000 முதல் 75,000 ரூபாய் வரை வரும். இறக்குமதித் தீர்வைகளும், 2024 சனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும், விற்பனையாளரின் இலாபமும் இதன்மேல் சேரும். புதிய மாதிரி வெளிவந்ததும் பழைய மாதிரியின் விலை இறங்குவதால், ஒரு தலைமுறை முந்திய ஓட்ட மணிக்கூடு, அதே விலையில் கிடைக்கும் புதிய பொதுவகை ஸ்மார்ட் மணிக்கூட்டைவிடப் பெரும்பாலும் மேலானது.

தீவக மக்களில் பலருக்குக் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் உறவினர் இருப்பதால், மணிக்கூடு அவர்கள் கையால் வருவது வழமை. இதில் விலை குறையும்; உத்தரவாதம் தொலைவிலிருக்கும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே செல்லும் என்பதால், பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும், மணிக்கூடு வந்த முதல் வாரத்திலேயே எல்லாச் செயற்பாடுகளையும் சோதித்து, குறை இருப்பின் உறவினர் திரும்பிச் செல்லுமுன் கொடுத்தனுப்புவதும் அவசியம். வெளிநாட்டிலிருந்து வந்த மணிக்கூடு மைலில் காட்டினால், அமைப்புகளில் கிலோமீற்றருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; ஒரு மைல் 1.609 கிலோமீற்றர் என்பதை மறந்து இரண்டையும் கலந்து எழுதிய பயிற்சிக் குறிப்பு பயனற்றுப்போகும். பாவித்த மணிக்கூட்டை வாங்குபவர், முந்திய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது நீக்கப்பட்டுள்ளதா என்பதையும், முழுதும் மின்னேற்றி ஒரு மணிநேரம் ஜி.பி.எஸ். இயக்கியபின் எத்தனை வீதம் இறங்குகிறது என்பதையும் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

5.10 வாங்கியபின் சோதிக்கும் முறை

மணிக்கூட்டின் தூரத்தைச் சோதிக்க இன்னொரு மணிக்கூடு உதவாது. இரண்டும் ஒரே பிழையைச் செய்யக்கூடும். வீதியோட்டப் போட்டிகளின் பாதைகள் உலகெங்கும் அளவுதிருத்திய சைக்கிளைக் கொண்டே அளக்கப்படுகின்றன. சில்லின் சுற்றுகளை எண்ணும் ஜோன்ஸ் எண்ணி என்ற கருவி அதற்குப் பயன்படுகிறது. பாதை குறைந்துவிடக் கூடாதென்பதற்காக கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியே அளப்பதும் அதில் வழமை. இதே முறையைக் கருவி இல்லாமலும் கையாளலாம். சைக்கிளுக்கு நன்றாகக் காற்றடித்து, ஆள் ஏறியிருக்கும் நிலையில், முன்சில்லின் ரயரில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, நேரான தார் வீதியில் சில்லு பத்துமுறை சுழலும் தூரத்தை அளவுநாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் சில்லின் சுற்றளவு கிடைக்கும். 28 அங்குலச் சைக்கிளில் அது 2.2 மீற்றர் அளவில் இருக்கும். சில்லின் கம்பியொன்றில் துணித்துண்டைக் கட்டி, அது சில்லைத் தாங்கும் கவையில் தட்டும் ஒலியை எண்ணிக்கொண்டே சென்றால், ஏறக்குறைய 455 சுழற்சிகளில் ஒரு கிலோமீற்றர் அமைந்துவிடும். இவ்வாறு குறித்த தூரத்தைப் போகும்போதும் வரும்போதும் வெவ்வேறு நாட்களில் ஓடிப் பார்த்தால், மணிக்கூடு எப்போதும் கூட்டிக்காட்டுகிறதா, குறைத்துக்காட்டுகிறதா, அல்லது தாறுமாறாகக் காட்டுகிறதா என்பது தெளிவாகும். முதலிரண்டும் பழகிக்கொள்ளத்தக்க குறைகள். மூன்றாவது, மாற்றிக்கேட்க வேண்டிய குறை.

மைதானத்தில் சோதிப்பவர் மணிக்கூட்டைக் குறைசொல்லுமுன் தம் கால்தடத்தைக் கவனிக்க வேண்டும். உள்கோட்டிலிருந்து ஒரு மீற்றர் வெளியே விலகி ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் 6.28 மீற்றர் கூடிவிடும். 200 மீற்றர் ஓடுபாதையில் இது நூற்றுக்கு மூன்றுக்கும் அதிகம். அத்துடன் இறுக்கமான வளைவுகளில் மணிக்கூட்டின் கணிப்பு பாதையைச் சற்று மழுங்கடிப்பதால், மைதானத்தில் தூரத்துக்கு ஓடுபாதைக் கோட்டையும் நேரத்துக்கு மணிக்கூட்டின் சுற்றுப் பொத்தானையும் நம்புவதே சரியான முறை. வீதியிலும் கணத்துக்குக் கணம் மாறும் உடனடி வேகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, நடப்புக் கிலோமீற்றரின் சராசரி வேகத்தையே திரையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தரவைப் பொதுவில் பகிர்பவர் இன்னொன்றையும் கருத வேண்டும். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக ஓட்ட வரைபடம் பல நாடுகளின் படைமுகாம்களைக் காட்டிக்கொடுத்தது 2018 சனவரியில் பெரும் பேச்சானது. ஒரே நேரத்தில் ஒரே வீட்டிலிருந்து புறப்படும் ஓட்டமும் அவ்வாறே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே இயக்கிவைப்பது, சிறப்பாகத் தனியே ஓடும் பெண்களுக்கு, அவசியமானது.

5.11 தேர்வின் ஒழுங்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், தேர்வு பின்வரும் ஒழுங்கில் அமையும்.

1. உள்ளமைந்த ஜி.பி.எஸ். இல்லாதவற்றை முதலில் விலக்க வேண்டும்.

2. எஞ்சியவற்றுள் செக்கனுக்கு ஒரு புள்ளி பதியும் முறையில் 15 மணிநேரத்துக்குக் குறைவாக இயங்குபவற்றை நீக்கலாம்.

3. பின்னர் வெயிலில் வாசிக்கத்தக்க திரையும் தனிப் பொத்தான்களும் 5 ஏ.ரி.எம். நீர்த்தாங்கு திறனும் உள்ளவற்றை முன்னே வைக்க வேண்டும்.

4. அவற்றுள்ளும் மின்னேற்றும் வயரும் உத்தரவாதமும் எளிதிற் கிடைப்பதற்கே முன்னுரிமை தர வேண்டும்.

5. இரட்டை அலைவரிசை, அமோலெட் திரை, வரைபடம் ஆகியன இந்நான்கும் நிறைவேறிய பின்னரே கருதத்தக்கவை.

இவ்வொழுங்கின்படி பார்த்தால், பாடசாலை மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி பெறும் மாணவருக்குச் சாதாரண எண்ணிம மணிக்கூடும் சைக்கிளால் அளந்து குறித்த வீதியும் போதும். வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஓடும் வயதுவந்தவருக்கு ஒரு தலைமுறை முந்திய, தெறிப்புத் திரை கொண்ட ஓட்ட மணிக்கூடு பொருந்தும். முழு மரதனான 42.195 கிலோமீற்றருக்குத் தயாராகுபவருக்கும், அடிக்கடி வெளிநாட்டு நகரங்களில் ஓடுபவருக்கும் மட்டுமே இரட்டை அலைவரிசை வரை செல்வதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுக் கழகம் ஒன்று பொதுப் பணத்தில் வாங்குவதாயின், விலையுயர்ந்த ஒன்றைவிட எளிமையான இரண்டை வாங்குவது நல்லது. ஒன்று மின்னேறிக்கொண்டிருக்கும்போதோ பழுதுபார்க்கச் சென்றிருக்கும்போதோ மற்றையது பயிற்சி தடைப்படாமல் காக்கும்.